மறு: 'மென்டல் இமேஜரி'க்குக் காட்சிப்படுத்தல் போதுமா?

குழுவினருக்கு வணக்கம்.

ஆட்டக்காரர்கள் தாங்கள் செய்யப்போவதை மனத்துக்குள்ளேயே நிகழ்த்திப் பார்ப்பதை ஆங்கிலத்தில் 'மென்டல் இமேஜரி' என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையை இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். உடற்கல்வி ஆசிரியர்களுக்கான ஒரு கையேட்டை மொழிபெயர்க்கிறேன். நானும் இதே சொல்லில்தான் முட்டிக்கொண்டு நிற்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> காட்சிப்படுத்தல் பழகிவிட்டதே, அப்புறம் எதற்குப் புதுச்சொல்?

பழகியது உண்மைதான். ஆனால் விளையாட்டு உளவியலில் இமேஜரி என்றால் கண்ணுக்குத் தெரிவது மட்டும் இல்லை. தசையின் இழுப்பு, தண்ணீரின் குளிர், கூட்டத்தின் இரைச்சல், நெஞ்சுப் படபடப்பு எல்லாம் அதில் சேர்த்தி.

நீச்சல் வீரர் மைக்கேல் பெல்ப்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். இரவு தூங்குமுன்னும் காலையில் விழித்ததும் மனத்துக்குள் 'வீடியோ டேப்பைப் போட்டுப் பார்' என்பது பயிற்சியாளர் பாப் பவ்மன் அவருக்குச் சிறுவயதிலேயே போட்ட கட்டளை. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 200 மீட்டர் பட்டர்பிளை இறுதிப்போட்டி. நீச்சல் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்து, கடைசிப் பகுதியில் அவருக்குச் சுவரே தெரியவில்லை. கைவீச்சை எண்ணிக்கொண்டே நீந்திச் சுவரைத் தொட்டார். 1 நிமிடம் 52.03 விநாடி, உலக சாதனை. பவ்மன் சொன்னது என்னவோ வீடியோதான். ஆனால் பார்வையே போன இடத்தில் பெல்ப்ஸுக்குக் கைகொடுத்தது உடம்பில் ஊறியிருந்த தாளம். இதைக் 'காட்சி' என்ற சொல்லுக்குள் எப்படி அடைப்பது?

இன்னொரு சிக்கலும் உண்டு. மனக்கண்ணில் படமே தோன்றாதவர்கள் இருக்கிறார்கள். நரம்பியல் மருத்துவர் ஆடம் சீமன் 2015இல் இந்த நிலைக்கு 'அபேன்டேசியா' என்று பெயர் வைத்தார். அப்படிப்பட்ட ஒரு பிள்ளையிடம் 'காட்சிப்படுத்து' என்றால் அது என்ன செய்யும்?

> மனப்பயிற்சி என்று வைக்கலாம்.

இது எனக்கு ஒட்டவில்லை. தியான வகுப்பு, நினைவாற்றல் வகுப்பு விளம்பரங்களில் எல்லாம் இந்தச் சொல் ஏற்கெனவே குடியிருக்கிறது. தவிர, பயிற்சி என்றதும் மைதானத்துக்குப் போகவே வேண்டாம் என்று பையன்கள் எடுத்துக்கொள்வார்கள். பெல்ட்ஸ், லேண்டர்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1983இல் பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஒன்றுமே செய்யாமல் இருப்பதைவிட மனத்துக்குள் செய்து பார்ப்பது மேல் என்றுதான் வந்தது. உடம்புப் பயிற்சிக்கு அது துணை, மாற்று அல்ல.

> பாவனை?

அழகான சொல். மனமும் மெய்யும் சேர்ந்தே அதில் இருக்கின்றன. இமேஜரிக்கு இலக்கியத்தில் படிந்துவிட்ட 'படிமம்' என்ற சொல்லைவிட எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. ஆனால் இலங்கை நண்பர்களுக்குப் பாவனை என்றால் பயன்பாடு. பாவனையாளர் என்றால் பயனர். தமிழ்நாட்டிலோ 'பாவனை பண்ணுகிறான்' என்றால் நடிக்கிறான் என்று பொருள். ஓடப்போகிற பிள்ளையிடம் நடிக்கச் சொன்ன மாதிரி ஆகிவிடும்.

சரி, என் பரிந்துரைக்கு வருகிறேன். இங்கே கலந்துகிடப்பது இரண்டு கருத்துகள். மனத்துக்குள் எழும் அனுபவம் ஒன்று, அதை வேண்டுமென்றே திரும்பத் திரும்ப எழுப்பிப் பார்க்கும் செயல் இன்னொன்று. முதலாவதை மனப்புனைவு என்றும், இரண்டாவதை மன ஒத்திகை என்றும் பிரித்துவிடலாம்.

மனப்புனைவில் எனக்கே அரைமனதுதான். கதை எழுதுகிற வாசனை அடிக்கிறது. ஒத்திகையை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். இமேஜரியை எப்படிச் செய்ய வேண்டும் என்று ஹோம்ஸ், காலின்ஸ் என்ற ஆய்வாளர்கள் 2001இல் முன்வைத்த வழிமுறைக்குப் பெட்லெப் மாதிரி என்று பெயர். அதன் சாரமே, மனத்தில் நிகழ்வது நிஜத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறதோ அவ்வளவு நல்லது என்பதுதான். சோபாவில் சாய்ந்துகொண்டு கனவு காண்பது அதில் சேராது. அதே உடுப்பு, முடிந்தால் அதே மைதானம், கையில் அதே மட்டை, நிஜத்தில் ஆகும் அதே நேரம். ஒத்திகை என்னும் சொல்லிலேயே அந்த 'ஒத்து' இருக்கிறது, பாருங்கள்.

பனித்தடத்தில் சறுக்கி இறங்கும் பாப்ஸ்லெட் வண்டியின் ஓட்டுநர்கள் செய்வது அப்பட்டமான ஒத்திகை. பனித்தடத்தில் ஒரு நாளைக்குச் சில முறைதான் இறங்க முடியும். மிச்ச நேரத்தில் கண்ணை மூடி நின்று, இல்லாத கயிறுகளைப் பிடித்து இடமும் வலமுமாக இழுத்தபடி, ஒவ்வொரு வளைவாகக் கடந்துபோவார்கள். பார்க்கிறவர்களுக்குச் சாமி வந்த மாதிரி இருக்கும்.

நிஜத்தில் ஆகும் அதே நேரம் என்றதும், சிவனுக்கு மனத்திலேயே கோயில் கட்டிய திருநின்றவூர்ப் பூசலார் நாயனார் நினைவுக்கு வந்தார். மனத்தில்தானே கட்டுகிறோம் என்று ஒரே நொடியில் கோயிலை முடித்துவிடவில்லை. நாள் பார்த்து, தச்சரைத் தேடி, இரவும் தூங்காமல், மதில், கிணறு என்று முறையாகக் கட்டினார். ஹோம்ஸும் காலின்ஸும் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்கள்.

இன்னும் ஒரு முடிச்சு பாக்கி. பக்கத்து வீட்டுப் பையன் நீளம் தாண்டுகிறவன். "கண்ணை மூடி, நீ தாண்டுறதை நினைச்சுப் பாரு" என்றேன். "என்னை டிவியில பாக்கிற மாதிரியா, நானே ஓடுற மாதிரியா?" என்று திருப்பிக் கேட்டான். ஆராய்ச்சியாளர்கள் பிரிக்கிற பிரிவே அதுதான். தானே ஓடுகிற மாதிரி நினைப்பதற்கு 'உள்நோக்கு' என்று வைத்தால் அவன்மேல் உள்நோக்கம் கற்பித்ததாகிவிடும். இப்போதைக்கு 'ஆடுபவர் பார்வை', 'பார்ப்பவர் பார்வை' என்று எழுதி வைத்திருக்கிறேன். இதைவிடச் சுருக்கமாக யாரிடமாவது இருந்தால் சனிக்கிழமைக்குள் சொல்லுங்கள். அந்த அத்தியாயத்தை அன்று அனுப்பியாக வேண்டும்.