பயனாளியின் கதையோடு தரவைச் சேர்க்கும்போது எல்லை எது?

கேள்வி:
ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தின் ஆண்டறிக்கையை எழுதி வருகிறேன். மாலை வாசிப்பு வகுப்பில் ஆண்டிறுதிவரை இருந்த 12 குழந்தைகளில் 9 பேர் இப்போது ஒரு பத்தியைத் தடுமாறாமல் வாசிக்கிறார்கள். இதை “75 சதவீத வெற்றி” என்று பெரிய எழுத்தில் போடலாம் என்கிறார்கள் உடன் பணிபுரிவோர். அதன் கீழே, தாயை இழந்து பாட்டியிடம் வளரும் சிறுமி ஒருத்தியின் கதையை, பெயரை மட்டும் மாற்றி எழுதியிருக்கிறேன். சேர்க்கையன்று பாட்டி கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம் இருந்தும் மனம் ஒப்பவில்லை. எதைத் திருத்த வேண்டும்?

பதில் 1:
சதவீதத்தை எடுத்துவிட்டு, “12 பேரில் 9 பேர்” என்றே எழுதுங்கள். இவ்வளவு சிறிய குழுவில் ஒரே ஒரு குழந்தையால் விகிதம் 8 சதவீதத்துக்கு மேல் ஏறி இறங்கும். தொடக்கத்தில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், இடையில் நின்றவர்கள் எத்தனை பேர் என்பதையும் சொல்லியாக வேண்டும். அதோடு, பள்ளிக்குப் போகும் குழந்தை ஓராண்டில் எப்படியும் கொஞ்சம் முன்னேறும் என்பதால், முழு முன்னேற்றத்தையும் உங்கள் வகுப்பின் கணக்கில் எழுதிவிடாதீர்கள்.

பதில் 2:
எனக்குப் பெரிய கவலை அடையாளம்தான். அமெரிக்காவின் 1990ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து தரவுத் தனியுரிமை ஆய்வாளர் லதான்யா ஸ்வீனி செய்த ஆய்வில், அஞ்சல் குறியீடு, பாலினம், பிறந்த தேதி ஆகிய மூன்றே விவரங்களால் சுமார் 87 சதவீதம் பேரைத் தனித்து அடையாளம் காண முடியும் என்று தெரிந்தது. 12 பேர் படிக்கும் வகுப்பில் ‘பாட்டியிடம் வளரும் சிறுமி’ என்பதே போதும். வகுப்புப் புகைப்படத்தை அந்த எண்ணிக்கையின் பக்கத்தில் வைத்தால், தடுமாறாமல் வாசிக்க முடியாத மூவர் யார் என்பதும் அக்கம்பக்கத்தாருக்குத் தெரிந்துவிடும். அந்த மூவரின் நிலையை யாரும் யோசித்துப் பார்ப்பதில்லை.

பதில் 3:
சேர்க்கைப் படிவத்தில் இட்ட கையெழுத்து கதைக்கான ஒப்புதல் ஆகாது. 2018இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதலைத் தருவது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்கிறது. சட்டம் பொருந்தாத இடத்திலும் அது நல்ல அளவுகோல். நான் ஒருமுறை ஒரு தாயிடம் வரைவை முழுவதும் வாசித்துக் காட்டினேன். கணவரின் கடனைப் பற்றிய ஒரே வரியை மட்டும் எடுத்துவிடச் சொன்னார். அந்த வரிதான் கதையின் உயிர் என்று நாங்கள் நினைத்திருந்தோம், எடுத்துவிட்டோம்.

கேட்டவர்:
சதவீதத்தையும் வகுப்புப் புகைப்படத்தையும் நீக்கிவிட்டேன். குடும்பச் சூழலைச் சொல்லும் பத்தியை இருவரிடமும் கேட்ட பிறகே முடிவு செய்வேன். நாளை வரைவை எடுத்துச் செல்கிறேன். பாட்டிக்கு நான் வாசித்துக் காட்ட வேண்டும், சிறுமி தானே வாசித்துக்கொள்வாள்.