இன்ஸ்டாக்ஸில் என்னை நானே எடுத்தால் ஒன்று பேய் வெள்ளை, இல்லை அடுப்புக் கரி. எங்கே தப்பு?

சாளரம் | ஆயர் ஈத்தாம், பினாங்கு

வணக்கம். எங்கள் சொந்தத்தில் யார் வீட்டுக் காதுகுத்து, கல்யாணம் என்றாலும் கேமராவைத் தூக்குவது நான்தான், சம்பளம் இல்லாத போட்டோகிராபர். போன மாதம் அத்தை வீட்டில் பழைய ஆல்பங்களைப் புரட்டியபோதுதான் உறைத்தது, பதினைந்து வருஷத்தில் நான் இருக்கிற படம் நாலோ ஐந்தோ. அதில் ஒன்றில் பந்திக்கு நடுவே குனிந்து லென்ஸ் மாற்றிக்கொண்டிருக்கிறேன், முதுகுதான் தெரிகிறது. சரி, இனிமேல் என்னையும் எடுப்போம் என்று பாயான் லெப்பாஸில் என்னோடு வேலை செய்கிற பெண்ணிடம் இன்ஸ்டாக்ஸ் மினி 11 ஒன்றை (எடுத்த உடனே படம் பிலிமாகவே வெளியே வரும் கேமரா) 120 வெள்ளிக்கு, அதாவது ரிங்கிட்டுக்கு, வாங்கினேன். கைப்பேசியில் எடுத்தால் நாற்பது எடுத்து முப்பத்தொன்பதை அழித்துவிடுவேன், அதனால்தான் பிலிம்.

ஒரு பெட்டியில் 10 படம். அதில் 7 போச்சு. இரண்டில் நெற்றி, கன்னம் எல்லாம் திருநீற்றுத் தட்டில் விழுந்து எழுந்த மாதிரி வெள்ளை. இரண்டில் பாதிக் காதும், பின்னால் கொடியில் காயும் துண்டும் மட்டும் (துண்டு நல்ல ஷார்ப்). பீரோ கண்ணாடி முன்னால் நின்று இரண்டு எடுத்தேன், முகம் இருக்க வேண்டிய இடத்தில் பெரிய வெளிச்சப் பொட்டு, அதைச் சுற்றி எல்லாமே மங்கல். கடைசியாகப் பட்டப்பகலில் பால்கனியில் வெள்ளைச் சுவரில் சாய்ந்து எடுத்ததில் சுவர் அருமையாக வந்திருக்கிறது, நான் கரி. நான் கறுப்புதான், ஆனால் அவ்வளவு இல்லை!

டைமர் உள்ள கேமரா வாங்க வேண்டுமா, இல்லை என் கையில்தான் கோளாறா?

---

கூட்டுக்கண் | பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

உங்களுக்கு வந்திருப்பது நாலு தனித்தனிக் கோளாறு, ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

வெள்ளை முகம்: மினி 11ல் பிளாஷை அணைக்க வழியே கிடையாது, ஒவ்வொரு தடவையும் அடிக்கும். வெளிச்சத்தைச் சட்டென்று பிடிக்கிற ஐஎஸ்ஓ 800 பிலிமில் மூக்குக்கு நேராக வைத்து அடித்தால் முகம் வெளுக்காமல் என்ன செய்யும். லென்ஸின் முன்பகுதியைப் பிடித்து இழுத்தால் இன்னும் கொஞ்சம் வெளியே வரும், அதுதான் செல்பி நிலை, அது 30 முதல் 50 சென்டிமீட்டருக்குள் இருப்பவற்றுக்குத்தான். நமக்கு அந்தத் தூரம் கண்ணால் பிடிபடாது. நான் கேமராவின் கைவாரில் பூக்கட்டும் நூலைக் கட்டி, லென்ஸிலிருந்து 45 சென்டிமீட்டரில் ஒரு முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறேன். முடிச்சை மூக்கு நுனியில் பிடிக்க வேண்டியது, நூல் விறைப்பானதும் நூலை விட்டுவிட்டு கையை அசைக்காமல் அழுத்த வேண்டியது. பார்க்கிறவன் சிரிப்பான், பரவாயில்லை. பிளாஷ் மேல் டிஷ்யூ பேப்பர் ஒரு மடிப்பு ஒட்டினால் இன்னும் சாந்தமாக வரும்.

பாதிக் காது: லென்ஸுக்குப் பக்கத்தில் பொட்டு மாதிரி பளபளப்பாக ஒன்று இருக்கிறதே, அது அலங்காரம் இல்லை, கண்ணாடி. அதில் உங்கள் முகம் தெரிகிற மாதிரி பிடியுங்கள். நானும் முதல் பெட்டி முழுக்க அதைக் கவனிக்கவில்லை.

பீரோ கண்ணாடி: கேமரா கண்ணாடியில் தன்னையே பார்க்கிற வரைக்கும் பிளாஷும் படத்தில் இருக்கும். கையை ஒரு பக்கமாக நன்றாக நீட்டி, கண்ணாடிக்குள் இருக்கும் உங்கள் முகத்தை நோக்கிச் சாய்த்துப் பிடித்தால் பொட்டு ஓரத்துக்கு ஒதுங்கும், சில சமயம் வெளியேயே போய்விடும். மங்கலுக்குக் காரணம் வேறு, செல்பி நிலையில் வைத்திருப்பீர்கள். கண்ணாடியிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நின்றால் லென்ஸுக்கு உங்கள் பிம்பம் இரண்டு மீட்டர் தூரத்தில் இருக்கிற கணக்கு, அதனால் லென்ஸை இழுக்கவே கூடாது.

வெள்ளைச் சுவர்: கேமரா சுவரைப் பார்த்து வெளிச்சம் கணக்குப் போடுகிறது, உங்களைப் பார்த்து இல்லை. இன்ஸ்டாக்ஸ் பிலிம் பெரிய வெளிச்ச வித்தியாசத்தைத் தாங்காது, ஒன்றைக் காப்பாற்றினால் மற்றது போகும். பின்னால் அடர்நிறமாக எதையாவது தொங்கவிடுங்கள்.

---

வழிப்போக்கன்77

எதுக்கு இவ்வளவு பாடு? கைப்பேசியில் எடுத்து, நல்லதாக ஒன்றைப் பொறுக்கி, இன்ஸ்டாக்ஸ் பிரிண்டர் விற்கிறதே அதில் அடித்துவிடுங்கள். அதே பிலிம், அதே வெள்ளை ஓரம். படத்துக்கு மூணு நாலு வெள்ளி வீதம் ஏன் எரிக்க வேண்டும்?

---

சாளரம்

அண்ணே, அப்புறம் மறுபடியும் நாற்பதில் முப்பத்தொன்பதை அழிக்கிற கதைதான். அதிலிருந்து தப்பிக்கத்தானே இங்கே வந்தேன்.

---

பழையபெர்ரி | பட்டர்வொர்த்

கூட்டுக்கண் சொன்னதற்கு மேல் கொஞ்சம். நான் 80களில் ஒரு ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் படம் எடுக்கும் வேலையில் இருந்தேன். அப்போது போலராய்ட் கம்பெனியின் உரித்தெடுக்கும் பிலிம், அதுவும் உடனே படம் தருவதுதான். இழுக்க வேண்டும், ஒரு நிமிஷம் போல எண்ண வேண்டும், உரிக்க வேண்டும், அந்தப் பசை விரலில் பட்டால் எரியும். ஈரம் காயட்டும் என்று படத்தை ஆட்டுகிற பழக்கம் அதில் வந்ததுதான். இன்ஸ்டாக்ஸை ஆட்டாதீர்கள் தங்கச்சி. எல்லாம் மூடின உறைக்குள்ளேதான் நடக்கிறது, காய வேண்டியது எதுவும் இல்லை. கவிழ்த்து மேசையில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி போடப் போங்கள்.

வெயில்தான் நம் ஊரில் பெரிய எதிரி. இரண்டு வருஷத்துக்கு முன் பேரன் ஆசைப்பட்டான் என்று புது போலராய்ட் பிலிம் ஒரு பெட்டி வாங்கி, மோட்டார் சைக்கிள் இருக்கைக்கு அடியில் வைத்து மத்தியானம் வரைக்கும் வெயிலில் விட்டுவிட்டேன். 8 படமும் மஞ்சள் குளித்து வந்தது. போலராய்ட் 13லிருந்து 28 டிகிரிக்குள் இருந்தால்தான் சொன்னபடி கேட்கும், நமக்கு அது ஏர்கோன் அறையில்தான். இன்ஸ்டாக்ஸ் அவ்வளவு நச்சரிக்காது, 40 டிகிரி வரை தாங்கும். எதுவானாலும் பிரிக்காத பெட்டி குளிர்சாதனப் பெட்டியில் கீழ்த்தட்டில் இருக்கட்டும், ஐஸ் பெட்டியில் வேண்டாம். வெளியே எடுத்த உடனே பிரிக்காதீர்கள், அறைச்சூட்டுக்கு வரட்டும், இல்லாவிட்டால் உள்ளே வியர்த்துவிடும்.

கறுப்பு முகம் பற்றிக் கேட்டீர்கள். உங்கள் சுவர்க் கதை கேமராவின் கணக்குத் தப்பு, ஆனால் கறுத்த தோலுக்கு வெளிச்சம் கூட வேண்டும் என்பது கேமரா செய்கிறவர்களுக்கு எப்போதோ தெரியும். போலராய்டின் ஐடி-2 கேமராவில் பிளாஷைக் கூட்ட ஒரு தனிப் பொத்தானே இருந்தது. தென்னாப்பிரிக்காவில் நிறவெறி அரசு கறுப்பின மக்கள் எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும் என்று திணித்த பாஸ் புத்தகங்களுக்கு (அடையாளப் புத்தகம்) அந்தக் கேமராவில் படம் எடுத்தார்கள். அதை எதிர்த்து 1970ல் அந்தக் கம்பெனியிலேயே வேலை பார்த்த கேரோலின் ஹண்டரும் கென் வில்லியம்ஸும் கிளம்பினார்கள், 1977ல் போலராய்ட் அந்த நாட்டு வியாபாரத்தை விட்டது. நம்மைத் தெளிவாகப் படம் எடுக்க யாருக்கு அக்கறை வந்தது, எதற்காக வந்தது பாருங்கள்.

டைமர் விஷயம். 1839ல் பிலடெல்பியாவில் ராபர்ட் கொர்னேலியஸ் என்ற விளக்குக் கடைக்காரர் வீட்டுப் பையன் லென்ஸ் மூடியைத் திறந்துவிட்டு ஓடிப்போய் எதிரே அசையாமல் இருந்து, திரும்ப ஓடிவந்து மூடினான் என்று சொல்வார்கள். தன்னைத்தானே எடுத்த படங்களில் மிகப் பழையவற்றில் அது ஒன்று. அவனிடம் எந்த டைமர் இருந்தது.

---

கூட்டுக்கண்

அண்ணன் சொன்னது சரிதான், இருந்தாலும் கேட்டதற்குப் பதில்: கட்டாயம் வாங்குவேன் என்றால் மினி 90. 10 விநாடி டைமர், முக்காலி மாட்டும் துளை, பிளாஷை அணைக்கலாம், ஒரே பிலிமில் இரண்டு தடவை எடுக்கலாம். அந்த இரட்டைப் படம்தான் எனக்கு இதில் பைத்தியம். இருட்டான பின்னணியில் முதலில் பக்கவாட்டு முகம், இரண்டாவதாக நேர் முகம். முதல் படத்தில் எங்கே இருட்டோ அங்கேதான் இரண்டாவது பதியும், வெளுத்த இடத்தில் ஒன்றும் ஏறாது. நாலு எடுத்தால் ஒன்று உருப்படும். ஆனால் இருக்கிற 3 படத்தை முடித்துவிட்டு அப்புறம் யோசியுங்கள்.

---

சாளரம்

எல்லாருக்கும் நன்றி. ஞாயிறு காலை அத்தை வீட்டு ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, பின்னால் அவருடைய அரக்குச் சேலை ஒன்றைத் தொங்கவிட்டு, நூல் கட்டி, டிஷ்யூ ஒட்டி எடுத்தேன்.

முதலாவதில் நூலை விட மறந்துவிட்டேன். மூக்கிலிருந்து வெள்ளைக் கோடு ஒன்று கிளம்பி கேமராவுக்குள் போகிறது, சளி பிடித்த மாதிரி. இரண்டாவது வந்துவிட்டது! முதலில் சேலையின் கரை, அப்புறம் மெல்ல மெல்ல முடி, கடைசியில் கண். மூக்குத்தியில் மட்டும் பிளாஷ் குத்தூசி முனையாக ஒரு புள்ளி. இடது கண் லேசாகச் சுருங்கி இருக்கிறது, காதோரம் நரை நான் நினைத்ததை விட அதிகம், நிறம் என் நிறம். அழிக்கத் தோன்றவில்லை, அழிக்கவும் முடியாது.

அத்தை கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து வாங்கிப் பார்த்தார், "இது நல்லா இருக்கு" என்று பர்ஸில் வைத்து மூடிவிட்டார். கேட்டுப் பார்த்தேன், தர மாட்டேன் என்கிறார். நெகட்டிவும் கிடையாது, இன்னும் ஒரே ஒரு படம்தான் மிச்சம்.