எக்செலில் காலம் சார்ட்: மக்கள்தொகையைக் காணோம், ஆண்டுகள் தூணாக நிற்கின்றன

சமூகஅறிவியல்டீச்சர்:

வணக்கம். பத்தாம் வகுப்புக்கு ஒரு சார்ட் வேண்டும். தமிழ்நாட்டு மக்கள்தொகை, 1951-லிருந்து 2011 வரை, பத்து வருஷத்துக்கு ஒரு தூண், ஆக ஏழே ஏழு தூண். சார்ட் பேப்பரில் ஸ்கேல் வைத்து வரைந்திருந்தால் அரை மணியில் முடிந்திருக்கும், எக்செலில் நேற்று ராத்திரி பதினொரு மணி வரை உட்கார்ந்தும் வரவில்லை.

ஏ காலத்தில் (column, அதாவது நெடுவரிசையில்) ஆண்டு, பி காலத்தில் தொகை (கோடியில்): 1951-க்கு 3.01, அப்புறம் வரிசையாக 3.37, 4.12, 4.84, 5.59, 6.24, கடைசியில் 2011-க்கு 7.21. எல்லாவற்றையும் செலக்ட் செய்து, இன்சர்ட் போய், காலம் சார்ட்டில் முதலாவதை அழுத்தினேன். ஏழு நீலத் தூண்கள், குடியரசு தின அணிவகுப்பு மாதிரி எல்லாம் ஒரே உயரம். இடது பக்க அளவு 2500 வரை போகிறது. கீழே ஆண்டு இருக்க வேண்டிய இடத்தில் 1, 2, 3 என்று 7 வரை. மக்கள்தொகை எங்கே என்று தேடினால் நீலத்துக்குப் பக்கத்தில் தரையோடு தரையாக ஆரஞ்சு நிறத்தில் ஒரு கீற்று, இருக்கிற மாதிரியும் இல்லாத மாதிரியும்.

இன்னொன்று, தலைப்பைத் தமிழில்தான் அடித்தேன் (பாமினி எழுத்துரு). கட்டத்தில் 'மக்கள்தொகை' என்று அழகாகத் தெரிகிறது, சார்ட்டுக்குள் போனதும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக, பூனை கீபோர்டில் நடந்த மாதிரி ஆகிவிடுகிறது. பள்ளியில் எக்செல், வீட்டில் லிப்ரே ஆபீஸ். திங்கட்கிழமை வகுப்பு. யாராவது சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:

டீச்சர், 1951 என்பது ஆண்டு என்று எக்செலுக்குத் தெரியாது. அதற்கு அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்று, அவ்வளவுதான். இரண்டு காலமும் எண், இரண்டுக்கும் மேலே தலைப்பு இருக்கிறது, சரி இரண்டையும் வரைந்துவிடுவோம் என்று வரைந்துவிட்டது. 2011 உயரத்துக்குப் பக்கத்தில் 7.21 எப்படித் தெரியும்?

சுலபமான வழி: ஏ1 கட்டத்தில் 'ஆண்டு' என்று எழுதியிருக்கிறீர்களே, அதை அழித்துவிடுங்கள். மூலைக் கட்டம் காலியாக இருந்தால் முதல் காலத்தை எக்செல் பெயர்ப் பட்டியலாக எடுத்துக்கொள்ளும். பழைய சார்ட்டை நீக்கிவிட்டுப் புதிதாகப் போடுங்கள், கீழே 1951, 1961 என்று வந்துவிடும். சார்ட் வந்த பிறகு ஏ1-ல் 'ஆண்டு' என்று திரும்ப எழுதிக்கொள்ளலாம், ஒன்றும் ஆகாது.

போட்ட சார்ட்டையே சரிசெய்ய வேண்டுமென்றால் அதன் மேல் ரைட் கிளிக், செலக்ட் டேட்டா. இடது பெட்டியில் 'ஆண்டு' என்பதைத் தேர்ந்து ரிமூவ். வலது பெட்டியில் எடிட் அழுத்தி ஆண்டுகள் உள்ள ஏழு கட்டங்களை மட்டும் இழுத்துக் காட்டுங்கள், தலைப்பை விட்டுவிட்டு. தலைப்பையும் சேர்த்து இழுத்தால் ஒரு இடம் தள்ளிப்போய் 1951-ன் தூணுக்குக் கீழே 'ஆண்டு' என்று நிற்கும். நான் இரண்டு தடவை அப்படிச் செய்திருக்கிறேன்.

எழுத்துருப்பித்தன்:

பாமினி விஷயத்துக்கு நான் வருகிறேன். பாமினியில் அடிப்பது தமிழே இல்லை. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து, அதற்குத் தமிழ்ச் சட்டை போட்டுவிடுவது அந்த எழுத்துரு. கட்டத்துக்கு நீங்கள் பாமினி கொடுத்தீர்கள், சார்ட் தன் சொந்த எழுத்துருவில் காட்டுகிறது, சட்டை கழன்றுவிட்டது. சார்ட்டை செலக்ட் செய்து ஹோமில் எழுத்துருவைப் பாமினி ஆக்கினால் தலைப்பு சரியாகும். ஆனால் அதே ஃபைலைப் பாமினி இல்லாத வேறு கணினியில் திறந்தால் பழைய கதைதான். பேசாமல் தலைப்பை யூனிகோடில் (தமிழைத் தமிழாகவே சேமிக்கிற பொதுக் குறியீட்டு முறை) அடித்துவிடுங்கள், நான்கு சொல்தானே. அதற்கு விண்டோஸில் நிர்மலா யூஐ எழுத்துரு ஏற்கெனவே இருக்கிறது, பழைய கணினி என்றால் லதா இருக்கும். தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடுக்கு ஆணை போட்டுவிட்டது, ஆனால் நம் பள்ளிக்கூடங்களில் கேள்வித்தாள் வேறு ஏதோ யுகத்திலிருந்து வருகிறது. சரி, அது வேறு புலம்பல்.

லிப்ரேவாசி:

வீட்டில் லிப்ரே ஆபீஸ் என்றீர்களே, அங்கே மூலைக் கட்டத்தை அழிக்கிற வேலையே வேண்டாம். கால்க்கில் (லிப்ரே ஆபீஸின் எக்செல்) இன்சர்ட், சார்ட் கொடுத்தால் ஒரு பெட்டி படிப்படியாக வரும். இரண்டாவது படியில் 'முதல் வரிசை லேபல்', 'முதல் காலம் லேபல்' என்ற பொருளில் இரண்டு டிக் இருக்கும், இரண்டையும் போடுங்கள். அவசரத்தில் முதல் படியிலேயே ஃபினிஷ் அழுத்துகிறவர்கள்தான் இந்தச் சிக்கலில் மாட்டுவார்கள். போட்டுவிட்டீர்கள் என்றாலும் பரவாயில்லை, சார்ட்டை டபுள் கிளிக் செய்து, ரைட் கிளிக்கில் டேட்டா ரேஞ்சஸ் போனால் அதே டிக் அங்கேயும் இருக்கும்.

சமூகஅறிவியல்டீச்சர்:

கணக்குப்பிள்ளை சார், ஏ1-ஐ அழித்ததும் வந்துவிட்டது! யூனிகோடிலும் அடித்துவிட்டேன். ஆனால் ஏழு தூணில் ஆறுதான் வருகிறது. 1981 இருக்கிற இடம் காலி, பல் விழுந்த மாதிரி. கட்டத்தில் 4.84 இருக்கிறது, கண்ணால் பார்க்கிறேன். அது ஒன்றை மட்டும் ஒரு வலைப்பக்கத்திலிருந்து காப்பி செய்து ஒட்டினேன், மற்றதெல்லாம் நானே அடித்தது. அதனால் இருக்குமா?

கணக்குப்பிள்ளை:

அதேதான். அந்த 4.84 கட்டத்தின் இடது ஓரமாக ஒட்டிக்கொண்டிருக்கிறதா, மற்ற ஆறும் வலது ஓரமாக இருக்கின்றனவா பாருங்கள். இடதில் இருந்தால் எக்செலுக்கு அது எண் இல்லை, எழுத்து. எழுத்துக்குத் தூண் பூஜ்யம்தான். வலைப்பக்கத்திலிருந்து எடுக்கும்போது எண்ணுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டு வரும், சாதாரண ஸ்பேஸ் மாதிரியே இருக்கும், ஆனால் ட்ரிம் (வெற்று இடைவெளியை நீக்கும் ஃபார்முலா) போட்டாலும் போகாது. ஒரே ஒரு எண் என்பதால் அழித்துவிட்டுக் கையால் அடித்துவிடுங்கள். நூறு எண் இருந்தால், ஒரு கட்டத்துக்குள் போய் அந்த இடைவெளியை மட்டும் காப்பி செய்து, ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸில் மேல் பெட்டியில் ஒட்டி, கீழ்ப் பெட்டியைக் காலியாக விட்டு ரீப்ளேஸ் ஆல்.

கோடியாக மாற்ற நீங்கள் ஒவ்வொன்றாகக் கணக்குப் போட்டிருப்பீர்கள் போல, அதுவும் தேவையில்லை. முழு எண்ணையே, 2011-க்கு 72147030 என்று, அடித்துவிட்டு, இடது அச்சை டபுள் கிளிக் செய்தால் டிஸ்ப்ளே யூனிட்ஸ் என்று ஒரு பட்டியல் இருக்கும். மில்லியன், பில்லியனுக்கு நடுவில் 10000000 என்று ஒன்று பெயரில்லாமல் நிற்கும். அது நம்ம கோடிதான். அதைத் தேர்ந்தால் அச்சில் 1, 2, 3 என்று வரும், பக்கத்தில் வருகிற லேபலை அழித்துவிட்டு 'கோடி' என்று எழுதிக்கொள்ளுங்கள்.

சமூகஅறிவியல்டீச்சர்:

ஏழு தூணும் வந்துவிட்டது. தைரியம் வந்து எழுத்தறிவுக்கும் ஒன்று போட்டேன், 2001-ல் 73.45 சதவீதம், 2011-ல் 80.09. இரண்டே தூண். ஆனால் 2011 தூண் மற்றதைப் போல மூன்று மடங்கு உயரமாக இருக்கிறது. பிள்ளைகள் பார்த்தால் பத்தே வருஷத்தில் எழுத்தறிவு மூன்று மடங்கு ஆனதாக நினைப்பார்களே?

தரவுத்தாத்தா:

நல்லவேளை கவனித்தீர்கள் அம்மா, பலர் கவனிக்காமல் அப்படியே மேடையில் காட்டிவிடுகிறார்கள். இடது அச்சு 70-ல் தொடங்குகிறதா பாருங்கள். 70-க்கு மேலே ஒன்று 3.45, இன்னொன்று 10.09, அதனால்தான் மூன்று மடங்கு. பெரிய எண்ணுக்கும் சின்ன எண்ணுக்கும் வித்தியாசம் பெரிய எண்ணில் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தால் எக்செல் தானாகவே பூஜ்யத்தை விட்டுவிட்டு மேலிருந்து தொடங்கிவிடும். உங்கள் வித்தியாசம் 6.64, ஆறில் ஒரு பங்கு 13-க்கு மேல். 1991-ன் 62.66-ஐயும் சேர்த்துப் போட்டுப் பாருங்கள், வித்தியாசம் 17-ஐத் தாண்டுவதால் அச்சு தானாகப் பூஜ்யத்துக்கு வந்துவிடும். இரண்டு தூண்தான் வேண்டுமென்றால் அச்சை டபுள் கிளிக் செய்து மினிமம் பெட்டியில் 0 என்று நீங்களே எழுதுங்கள். தூணில் கண் பார்ப்பது உயரத்தை, அதன் காலை வெட்டினால் உயரம் பொய். கோட்டு வரைபடத்துக்கு இவ்வளவு கறார் வேண்டாம்.

அப்புறம் அந்த முப்பரிமாணத் தூண் பக்கமே போகாதீர்கள். 7.21 என்று இருக்கிற தூண், பின்னால் இருக்கும் கோட்டில் 7-ஐக்கூடத் தொடாத மாதிரி தெரியும், பிள்ளைகள் கேட்டால் பதில் சொல்ல முடியாது.

கோட்டுச்சாமி:

மக்கள்தொகைக்குக் கோட்டு வரைபடம்தானே சரி? காலம் ஓடுகிற விஷயம்.

தரவுத்தாத்தா:

தப்பில்லை தம்பி, ஆனால் பத்து வருஷத்துக்கு ஒருமுறை எண்ணியது ஏழு எண், நடுவில் நாம் எண்ணவில்லை. கோடு போட்டால் 1956-க்கும் எண்ணின மாதிரி ஒரு தோற்றம். 1786-ல் வில்லியம் பிளேஃபேர் பட்டை வரைபடத்துக்கு வந்ததே, ஸ்காட்லாந்தின் ஏற்றுமதி இறக்குமதிக்கு ஒரே ஒரு வருஷத்துக் கணக்குதான் கையில் இருந்தது, கோடு இழுக்க வழியில்லை என்பதால்தான். அவர் போட்டது படுக்கைப் பட்டை, எக்செல் அதை பார் என்கிறது, நிற்பதைத்தான் காலம் என்கிறது. அம்மா, 2021-ல் கணக்கெடுப்பு நடக்காததால் அந்தத் தூண் இல்லை என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். வரிசையில் 2021 என்று எழுதி பக்கத்துக் கட்டத்தைக் காலியாக விட்டால் சார்ட்டிலேயே காலி இடம் தெரியும், கணிப்பு எண்ணை மட்டும் அதில் தூணாக நட்டுவிடாதீர்கள்.

சமூகஅறிவியல்டீச்சர்:

2021 காலி இடத்தோடு போட்டுவிட்டேன், நன்றாக இருக்கிறது. எல்லோருக்கும் நன்றி. தூண்கள் ஒல்லியாக இருக்கின்றனவே, கொஞ்சம் பருமனாக்க முடியுமா? பள்ளி பிரிண்டர் கறுப்பு வெள்ளை வேறு.

கணக்குப்பிள்ளை:

ஏதாவது ஒரு தூணை டபுள் கிளிக் செய்யுங்கள், கேப் விட்த் 219 என்று இருக்கும், 60 ஆக்குங்கள். தூண் அகலமாகும், சந்து குறுகும். கறுப்பு வெள்ளைக்கு அங்கேயே ஃபில்லில் பேட்டர்ன் ஃபில் எடுத்துச் சாய்வுக் கோடு போட்டுவிடுங்கள், டோனர் மிச்சம்.