ஷாங்காயின் ரோமியோ ஜூலியட்டை வாசித்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கொக்குவில் வாசகி:

ரோமியோ ஜூலியட் கதையை ஷாங்காயில் வைத்துத் திரும்பச் சொல்கிற, க்ளோயி கோங் எழுதி 2020 இல் வந்த ‘தீஸ் வயலண்ட் டிலைட்ஸ்’ நாவலை என் தங்கச்சிதான் தந்தாள். ஏ.எல். படிக்கிற பிள்ளை. “அக்கா, முதல் அம்பது பக்கம் பொறுமையா வாசியுங்கோ, பிறகு விடமாட்டீங்கள்” என்றாள். அப்படியேதான் ஆனது.

கதை 1926 இல் ஷாங்காயில் நடக்கிறது. ஜூலியட் சாய் சீனர்களின் ஸ்கார்லட் கும்பலுக்கு வாரிசு, ரோமா மொன்டகோவ் ரஷ்யர்களின் வெள்ளைப் பூக்கள் கும்பலுக்கு. நான்கு வருடம் முன்பு காதலித்தவர்கள், நாவல் தொடங்கும்போது பரம எதிரிகள். ஹுவாங்பு ஆற்றில் ஒரு பூதம் தென்படுகிறது. அதோடு ஊரில் ஒரு பித்து பரவ, பிடித்தவர்கள் தங்கள் தொண்டையைத் தாங்களே கிழித்துக்கொண்டு சாகிறார்கள்.

காதல் கதைக்குள் பூதம் எதற்கு என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு ஷேக்ஸ்பியரின் நாடகத்தை எடுத்துத் திரும்பப் படித்தேன். ஜூலியட் உண்மையில் சாகவில்லை என்று ரோமியோவுக்கு எழுதிய கடிதம் ஏன் போய்ச் சேரவில்லை? அதைக் கொண்டுபோன துறவியை, கொள்ளைநோய் இருக்கலாம் என்ற சந்தேகத்தில் ஒரு வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். ரோமியோவின் நண்பன் மெர்க்குஷியோ சாகும்போது இரண்டு குடும்பத்துக்கும் இடுகிற சாபமும் கொள்ளைநோய்தான். அங்கே ஓரமாகக் கிடந்த நோயை கோங் ஊர் நடுவில் கொண்டுவந்து வைத்திருக்கிறார். கொரோனா ஊரடங்கில் வீட்டுக்குள் கிடந்த நமக்கு அந்தப் பூட்டிய கதவு நன்றாகவே விளங்கும்.

இன்னொன்றும் பிடித்தது. மூல நாடகத்தில் பகைக்குக் காரணமே சொல்லப்படுவதில்லை, பழைய பகை என்பதோடு சரி. இங்கேயும் இரத்தப் பகை பழையதுதான், ஆனால் அது ஓடுகிற மண் கண்முன்னே இருக்கிறது. பிரெஞ்சுக்காரருக்கு ஒரு பகுதி, பிரித்தானியரும் அமெரிக்கரும் ஆளுகிற சர்வதேசக் குடியிருப்பு ஒன்று, ஒருபக்கம் வளர்ந்துவரும் கம்யூனிஸ்டுகள். ஊர் அந்நியர் கையில் துண்டு துண்டாகப் போய்க்கொண்டிருக்கும்போது இந்த இரண்டு கும்பலும் தெருக்களுக்காக வெட்டிக்கொள்கின்றன. அந்த இடங்களில் எனக்கு நெஞ்சு அடைத்தது.

அச்சுவேலியிலிருந்து ஒரு தம்பி:

அக்கா, நான் இதை வாசிக்கும்போது முழுக்க காத்தவராயன் கூத்துத்தான் ஞாபகம் வந்தது. சின்ன வயதில் அம்மன் கோயில் வீதியில் அம்மம்மாவோடு பாய் விரித்து விடியவிடியப் பார்த்தது. ஆரியமாலை மீதான காதல், குறுக்கே நிற்கும் சாதி, கடைசியில் கழுமரம். கூடவே முத்துமாரி, மாயம், மந்திரம். வரலாறு போலவும் இருக்கும், மாயக்கதை போலவும் இருக்கும். சின்னக் காத்தானாக ஒருவர் ஆடுவார், வளர்ந்த காத்தானாக இன்னொருவர் வருவார், சனம் அதைக் கேள்வியே இல்லாமல் ஏற்றுக்கொள்ளும்.

காத்தான் கழுவேறப் போகிறான் என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் அந்த இடம் வர அம்மம்மா அழுவார். முடிவு தெரிந்த கதையைத் திரும்பச் சொல்வதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். ரோமாவும் ஜூலியட்டும் எங்கே போய் நிற்பார்கள் என்ற பயம் முதல் பக்கத்திலேயே வந்துவிடுகிறது. ஒவ்வொரு நல்ல காட்சியும் அதனாலேயே கூடுதலாக வலிக்கிறது.

மானிப்பாய் ஆசிரியை:

பிள்ளைகளே, ஒரு தகவல். நாவல் நடக்கிற அதே 1926 இல்தான் விபுலாநந்த அடிகளின் ‘மதங்கசூளாமணி’ வெளிவந்தது. ஷேக்ஸ்பியரின் பன்னிரண்டு நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணத்தோடு சேர்த்து ஆராய்ந்த நூல், அதில் ரோமியோ ஜூலியட்டும் உண்டு. எங்கள் மானிப்பாய் இந்துக் கல்லூரியில் அதிபராக இருந்தவர் அவர். நாவலை ரசித்த என் மாணவிகளுக்கு அந்தப் பகுதியை வாசித்துக் காட்டினேன். செய்யுள் கடினம்தான், ஆனாலும் கதை தெரிந்ததால் ஆசையோடு கேட்டார்கள்.

கொக்குவில் வாசகி:

ரீச்சர், மிக்க நன்றி. தம்பி, காத்தவராயனை இதே மாதிரி இளம் வயதினருக்கான நாவலாக யாராவது எழுதவேண்டும் என்று ஆசையாக இருக்கிறது, அதுவும் ஆரியமாலை பக்கமிருந்து. கூத்தில் அவளுக்குக் கிடைக்கிற இடம் காணாது. ஜூலியட்டின் கையில் கோங் கத்தியையும் முடிவெடுக்கும் உரிமையையும் கொடுத்ததுபோல அவளுக்கும் கொடுக்கவேண்டும். உங்கள் ஊரில் கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் யாரிடமாவது கூத்தை எழுதி வைத்த கொப்பி இருந்தால் சொல்லுங்கள், வந்து பார்க்கிறேன். கோங்கின் நாவலுக்கு இரண்டாம் பாகம் 2021 இல் வந்தது, தங்கச்சி முடித்ததும் எனக்குத்தான்.