ஆர்டர் இல்லை என்று திருப்பி அனுப்பும் நாட்களுக்குச் சம்பளம் உண்டா?

கேள்வி:
திருப்பூரில் ஓவர்லாக் டெய்லர் நான். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம்ம நாட்டுச் சரக்குக்கான இறக்குமதி வரியை 50 சதவீதமாக்கியதும், கூடுதல் நேரம் சேர்த்துப் பார்த்த ஒன்றரை ஷிஃப்ட் வேலை போச்சு. இப்போது வாரத்தில் பாதி நாள் "ஆர்டர் வந்ததும் கூப்பிடறோம்" என்கிறார்கள். சீட்டுப் பணத்தை நினைத்தால் தூக்கமே வருவதில்லை. ஏதாவது கேட்க முடியுமா?

பதில் 1:
கம்பெனி ரோலா (நேரடி ஆளா), கான்ட்ராக்டர் ஆளா அக்கா? 50 பேருக்குக் குறையாத ஃபேக்டரி, ஓராண்டுத் தொடர் வேலை, மஸ்டர் ரோலில் (கம்பெனியின் ஆள் பதிவேட்டில்) பெயர் இருந்தால், இப்படி வேலை தராமல் திருப்பி அனுப்பும் லே-ஆஃப் நாளுக்கு அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில் பாதி தரணும். பீஸ் கணக்கில் கூலி வாங்கும் ஆட்களை ரோலில் ஏற்றாமலே தப்பிப்பார்கள், அதுதான் கொடுமை.

பதில் 2:
கூப்பிடட்டும் என்று வீட்டில் இருந்துவிடாதீங்க. தினமும் நேரத்துக்குப் போய் வருகையைக் காட்டினால்தான் அந்தப் பாதி. வெள்ளைத்தாளில் கையெழுத்தும் வேண்டாம், தானாக விலகியதாக்கிவிடுவார்கள்.

கேட்டவர்:
ரோலில்தான் தம்பி, சம்பளத்தில் இஎஸ்ஐ பிடிக்கிறார்கள். நாளைக்கே போகிறேன்.