ஒரிஸ்கனி: போர்க்கப்பலை மூழ்கடித்துச் செயற்கைப் பவளப்பாறை ஆக்குவது சரியா?

அலைவாய்:
2006 மே 17 அன்று, புளோரிடாவின் பென்சகோலா கரைக்கு அப்பால், ஒரிஸ்கனி என்ற பழைய விமானந்தாங்கிக் கப்பலை அமெரிக்கக் கடற்படையே வெடிவைத்து மூழ்கடித்தது. 37 நிமிடத்தில் கீழே போய், ஏறக்குறைய 65 மீட்டர் ஆழத்தில் கவிழாமல் நிமிர்ந்து உட்கார்ந்தது. கொரியப் போர், வியட்நாம் போர் இரண்டையும் பார்த்த கப்பல். 1966இல் அதில் பிடித்த தீயில் 44 பேர் இறந்தார்கள். இன்று அதைச் சுற்றி மீன் மொய்க்கிறது.

அந்தப் பக்கத்துக் கடலடி பெரும்பாலும் வெறும் மணல். கடற்பஞ்சோ சிப்பியோ மென்பவளமோ ஒட்டி வளரக் கெட்டியான இடம் வேண்டும். அதைக் கப்பல் கொடுக்கிறது. டைவர்கள் அங்கே போவதால் இயற்கைப் பவளப்பாறைகளுக்கும் கொஞ்சம் ஓய்வு. படகு ஓட்டுபவர்களுக்கும் பிழைப்பு. ஓய்வு பெற்ற போர்க்கப்பலுக்கு இதைவிட நல்ல முடிவு எனக்குத் தெரியவில்லை. மறுப்பவர்கள் வாருங்கள்.

உப்புக்காற்று:
மறுக்கிறேன். அந்தக் கப்பல் கீழே போனபோது அதற்குள் 300 கிலோவுக்குக் குறையாமல் பிசிபி என்ற வேதிப்பொருள் இருந்தது. அமெரிக்கா 1979இலேயே உற்பத்தியைத் தடைசெய்த நச்சு. கொழுப்பில் தங்கி, சின்ன மீனிலிருந்து பெரிய மீனுக்கும் பிறகு அதைத் தின்பவருக்கும் ஏறிக்கொண்டே போகும். அதை உள்ளேயே விட்டு மூழ்கடிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை தனி அனுமதி கொடுத்தது. தொடக்க ஆண்டுகளில் புளோரிடா அரசே அங்கு பிடித்துப் பரிசோதித்த சிவப்பு ஸ்னாப்பர் மீன்களில் பிசிபி கூடுதலாக இருந்தது. நம் சந்தையில் சங்கரா என்று வாங்குகிறோமே, அந்த வகை மீன்தான்.

இதே புளோரிடாவில் 1970களில் ஃபோர்ட் லாடர்டேல் நகரக் கரையில் சுமார் 20 லட்சம் பழைய டயர்களைக் கடலில் போட்டு 'மீன் வீடு' என்றார்கள். கட்டு அறுந்து, டயர்கள் உருண்டு போய்ப் பக்கத்து இயற்கைப் பவளப்பாறையை மோதி நொறுக்கின. பிறகு ராணுவ முக்குளிப்பாளர்களைக் கொண்டு அள்ள வேண்டியதாயிற்று. கரையில் இடைஞ்சலாக இருப்பதைக் கடலில் தள்ளுகிற பழக்கத்துக்கு ஒவ்வொரு தலைமுறையும் ஒரு நல்ல காரணம் கண்டுபிடிக்கிறது.

அலைவாய்:
டயரையும் 30,000 டன் கப்பலையும் ஒன்றாகப் பேசுவது நியாயமில்லை. பிசிபி அளவு அடுத்தடுத்த பரிசோதனைகளில் குறைந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். எண்ணெய், எரிபொருள் எல்லாம் முன்பே எடுத்துவிட்டார்கள்.

அப்புறம், வேறு வழி என்ன? கப்பல் உடைக்கும் தளத்துக்கு அனுப்பினால் அங்கே கல்நார்த் தூசியில் நிற்பவர் ஏழைத் தொழிலாளி. குஜராத்தின் அலங்கு உடைப்புத் தளத்தில் என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரியாதா?

கொதிகலன்:
கப்பலில் இன்ஜின் அறையில் வேலை பார்த்தவன் என்ற முறையில் இரண்டு விஷயம்.

அமெரிக்கப் போர்க்கப்பல்கள் அலங்குக்கு வருவதில்லை. டெக்சாஸில் பிரவுன்ஸ்வில் என்ற துறைமுகத்தில்தான் அவர்களுடைய விமானந்தாங்கிகளை உடைக்கிறார்கள். கிட்டி ஹாக், ஜான் எஃப் கென்னடி என்ற இரண்டு கப்பல்களையும் 2021இல் தலா ஒரு சென்ட் விலைக்கு உடைப்பு நிறுவனத்துக்குக் கொடுத்தார்கள். இரும்பிலேயே நிறுவனம் தன் செலவை எடுத்துக்கொள்ளும், கடற்படைக்குக் கைச்செலவு மிச்சம். ஒரிஸ்கனியைச் சுத்தம் செய்து மூழ்கடிக்க ஆனது சுமார் 2 கோடி டாலர். ஆக, சிக்கனம் என்ற வாதம் நிற்காது.

இரண்டாவது, சுத்தம் செய்வது. பழைய போர்க்கப்பலில் கேபிள் ஒவ்வொரு தடுப்புச் சுவரையும் துளைத்துக்கொண்டு போகும். துளையை அடைத்த பசை, கேஸ்கட், பெயின்ட், கேபிளின் உறை எல்லாவற்றிலும் பிசிபி இருக்கலாம். முழுக்க எடுக்க வேண்டுமென்றால் கப்பலைப் பாதி உடைக்க வேண்டும். பாதி உடைத்த பிறகு மீதியையும் உடைத்துவிடலாமே என்பதுதான் என் கேள்வி.

அலைவாய்:
ஒரிஸ்கனியை உடைக்க முயலவே இல்லை என்று நினைக்காதீர்கள். 1995இல் உடைக்கத்தான் விற்றார்கள். வாங்கியவர் வேலையை முடிக்காததால் 1997இல் ஒப்பந்தம் ரத்தானது, கப்பல் திரும்பக் கடற்படை கையிலேயே வந்து விழுந்தது. துறைமுகத்தில் துருப்பிடித்துக் கிடப்பதும் மாசுதான்.

பரதவன்:
தூத்துக்குடிக்காரன். நச்சும் பணமும் ஒருபுறம் இருக்கட்டும், மீனைப் பற்றிப் பேசுவோம்.

கடலடியில் எது கிடந்தாலும் மீன் கூடும். பார், அதாவது கடலடிப் பாறை, இருக்கிற இடத்தில் மீன் இருக்கும் என்பது எங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கூடுகிற மீன் புதிதாகப் பெருகியதா, சுற்றுக்கடலில் சிதறிக் கிடந்தது ஓரிடத்துக்கு வந்ததா? மீன்வள அறிஞர்கள் பல பத்தாண்டுகளாக இதை விவாதிக்கிறார்கள். இடத்துக்கு இடம், மீனுக்கு மீன் விடை மாறுகிறது. வெறுமனே கூடியது என்றால் அதன் விளைவு மோசம். ஒரிஸ்கனி கிடக்கும் இடம் எல்லோருக்கும் தெரியும். யாரும் நேராக அங்கே போய்த் தூண்டில் போடலாம். பத்து மைல் தேடிப் பிடிக்க வேண்டிய மீனை ஒரே இடத்தில் நின்று அள்ளினால் வளம் கூடியதா, குறைந்ததா? வெளியிலிருந்து வந்து அட்லாண்டிக்கில் பரவிய சிங்கமீனும் இப்படிப்பட்ட செயற்கைப் பாரைத்தான் இயற்கைப் பாறையைவிட அதிகமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

செயற்கைப் பாரே வேண்டாம் என்று சொல்லவில்லை. நம் கரையில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம் கான்கிரீட் கூடுகளை இறக்கியிருக்கிறது. மன்னார் வளைகுடாவில் வான் தீவு கரைந்து போகாமல் இருக்கவும் கான்கிரீட் கட்டமைப்புதான் போட்டார்கள். மீனுக்கு எது தேவையோ அதற்கேற்ற அளவில் பொந்து வைத்து வார்த்தது. யாருக்கு என்ன தேவை என்பதிலிருந்து தொடங்கிய வேலை. கப்பலில் கதை தலைகீழ். முதலில் கப்பல் கையில் இருக்கிறது, பிறகுதான் மீனின் நினைவு வருகிறது.

அலைவாய்:
அண்ணா, மீன்பிடியைச் சுற்றிலும் தடைசெய்தால் உங்கள் கவலை தீருமே. கான்கிரீட் கூட்டைப் பார்க்க எந்த டைவரும் பணம் கட்டி வரமாட்டார். கப்பலைப் பார்க்க வருவார். அந்தப் பணம்தான் கண்காணிப்புக்கும் ஆகும்.

உப்புக்காற்று:
அந்த டைவர் எதைப் பார்க்கிறார் என்றும் கேட்போம். ஒரிஸ்கனியில் விமானங்கள் இறங்கும் மேல்தளம் முதலில் 41 மீட்டர் ஆழத்தில் இருந்தது. 2008இல் குஸ்தாவ் புயலுக்குப் பிறகு 44 மீட்டருக்கு இறங்கிவிட்டது. பொழுதுபோக்கு முக்குளிப்பின் எல்லை 40 மீட்டர். சாதாரணப் பயிற்சி பெற்றவருக்கு மேலே உள்ள கோபுரம்தான் எட்டும். அவ்வளவு பெரிய கப்பலையே புயல் அழுத்துகிறது. நியூசிலாந்தில் 2005இல் மூழ்கடித்த வெலிங்டன் என்ற போர்க்கப்பல் சில மாதங்களிலேயே புயலில் உடைந்தது. புளோரிடாவின் கீ லார்கோவில் இதேபோல் மூழ்கடித்த ஸ்பீகல் குரோவ் கப்பலுக்குள் நுழைந்து 2007இல் மூன்று டைவர்கள் ஒரே நாளில் இறந்தார்கள்.

கொதிகலன்:
நடுவில் ஒரு வழி நடந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு கப்பலை 2010 மார்ச்சில் மூழ்கடிப்பதாக இருந்தது. கரையோர மக்கள் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். மின்கம்பி, காப்புறை, உரிந்துவரும் ஈயப் பெயின்ட் எல்லாவற்றையும் எடுத்த பிறகே மூழ்கடிக்கலாம் என்று உத்தரவு வந்தது. 2011 ஏப்ரலில்தான் மூழ்கடித்தார்கள். அது 138 மீட்டர்க் கப்பல், அதனால் முடிந்தது. விமானந்தாங்கியில் அது நடக்கும் என்று நான் நம்பவில்லை.

பரதவன்:
மகாராட்டிரத்தில் சிந்துதுர்க் கரையில் கடற்படையின் குல்தார் கப்பலை நீரடி அருங்காட்சியகமாகவும் செயற்கைப் பாராகவும் ஆக்கத் திட்டம் போட்டிருக்கிறார்கள். சின்னக் கப்பல்தான். அலைவாய் தம்பி, உங்களிடம் நேராகவே கேட்கிறேன். எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள் என்ற பட்டியலை மூழ்கடிக்கும் முன்பே அந்தக் கரை மீனவர்கள் கையில் கொடுக்க வேண்டும், அவர்கள் சம்மதம் இல்லாமல் வெடி வைக்கக் கூடாது. இதற்கு ஒப்புக்கொள்வீர்களா?

அலைவாய்:
பட்டியலுக்கு முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன். சம்மதத்துக்கு மாட்டேன். கடல் மீனவர்களுக்கு மட்டும் சொந்தமில்லை.

பரதவன்:
பிழைப்பு அவர்களுடையது. பட்டியலைப் படித்துவிட்டு 'வேண்டாம்' என்று சொல்லும் உரிமை இல்லையென்றால், அந்தத் தாளை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள்?