ஜாப் ஒர்க் யூனிட்டுகளுக்குத் தொழில்நெறிப் பயிற்சி: பணத்தை எதில் போடுவது?

கேள்வி: சங்கச் செயலாளர், திருப்பூர்

அனைவருக்கும் வணக்கம். ஆடை ஏற்றுமதிக் கம்பெனிகளின் தையல், செக்கிங், அயர்னிங் வேலைகளை ஜாப் ஒர்க்காக, அதாவது கூலிக்கு, எடுத்துச் செய்யும் சிறு யூனிட்டுகளின் சங்கம் ஒன்றுக்கு நான் செயலாளர். உறுப்பினர்களில் பெரும்பாலோர் இருபதிலிருந்து எண்பது பேர் வரை வேலைக்கு வைத்திருப்பவர்கள். தொழிலில் நேர்மையான நடைமுறைகளை வளர்ப்பதற்கென்று இந்த ஆண்டுப் பொதுக்குழுவில் ஒரு சிறு தொகையை ஒதுக்கினோம். ஒதுக்கும்போது ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லை. எதில் செலவிடுவது என்று பேச்சு வந்ததும் மூன்று கட்சியாகப் பிரிந்துவிட்டோம். மேற்பார்வையாளர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் பயிற்சி நடத்த வேண்டும் என்பது ஒரு கட்சி. உள்ளூர்க் கல்லூரியின் வணிகவியல் துறையோடு சேர்ந்து, நம் யூனிட்டுகளில் எங்கெங்கே நெறி தவறுகிறது என்று முதலில் ஆய்வு செய்ய வேண்டும் என்பது இன்னொன்று. வெளிநாட்டு பையர்களின், அதாவது ஆடை வாங்கும் நிறுவனங்களின், பிரதிநிதிகளை மேடையேற்றி ஒரு நாள் கருத்தரங்கு நடத்தினால் சங்கத்துக்கு நல்ல பெயர் கிடைக்கும் என்பது மூன்றாவது.

எனக்கு இருக்கும் தயக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். சென்ற ஆண்டு ஒரு பயிற்சியாளரை அழைத்து இரண்டு மணி நேர வகுப்பு நடத்தினோம். திரையில் படம் காட்டினார், எல்லோரும் எழுந்து நின்று உறுதிமொழி எடுத்தோம், வடையும் காபியும் கொடுத்து அனுப்பினோம். அடுத்த வாரம் ஓர் உறுப்பினரின் யூனிட்டுக்குப் போனபோது, மேசையில் வழக்கம்போல இரண்டு வருகைப் பதிவேடுகள் இருந்தன. ஒன்று, வேலை நேரமும் கூலியும் சரியா என்று சோதிக்க வரும் ஆடிட்டருக்கு, மற்றொன்று சம்பளம் போடுவதற்கு. பயிற்சியால் உண்மையிலேயே எதையாவது மாற்ற முடியுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1: கம்ப்ளையன்ஸ் மேசை

ஐயா, ஏற்றுமதி நிறுவனங்களில் பதினான்கு ஆண்டுகளாகக் கம்ப்ளையன்ஸ் வேலை, அதாவது சட்டமும் பையரின் விதிகளும் பின்பற்றப்படுகின்றனவா என்று பார்க்கும் வேலை, பார்க்கிறேன். பயிற்சி என்ற பெயரில் நம் ஊரில் நடப்பதில் பெரும்பகுதி, ஆடிட்டர் கேட்டால் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று தொழிலாளர்களைப் பழக்குவதுதான். ஒரு யூனிட்டில் ஆடிட்டர் ஒரு பெண்ணைத் தனியாக அழைத்து உட்காரச் சொல்லி, உங்கள் பெயர் என்ன என்று கேட்டார். அந்தப் பெண் பதற்றத்தில், "எட்டு மணி நேரம்தான் சார், ஓவர்டைம் கிடையாது" என்றார். அந்தப் பெண்ணுக்கும் ஒரு பயிற்சி கொடுக்கப்பட்டிருந்தது என்பதை மறந்துவிடாதீர்கள்.

சான்றிதழை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்குக் கராச்சியில் நடந்தது போதும். அலி என்டர்பிரைசஸ் ஆடைத் தொழிற்சாலைக்கு 2012 ஆகஸ்டில் எஸ்ஏ 8000 என்ற சமூகப் பொறுப்புச் சான்றிதழ் கிடைத்தது. அடுத்த மாதம் 11ஆம் தேதி அங்கே தீப்பிடித்தபோது, ஜன்னல்களில் கம்பி அடித்திருந்ததாலும் வெளியேறும் வழிகள் பூட்டிக் கிடந்ததாலும் 250க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

ஆகவே, பயிற்சி வேண்டாம் என்று சொல்லமாட்டேன். யாருக்கு, எதைப் பற்றி என்பதை மாற்றுங்கள் என்பேன். முதல் வகுப்பு முதலாளிகளுக்கும் புரொடக்‌ஷன் மேனேஜர்களுக்கும் நடக்கட்டும். நேர்மை என்றால் என்ன என்ற விளக்கவுரையெல்லாம் தேவையில்லை. இப்படி ஒரு நிலைமையை முன்னே வையுங்கள்: வெள்ளிக்கிழமை ஷிப்மென்ட், புதன்கிழமை மாலை நிலவரப்படி நாலாயிரம் பீஸ் பாக்கி, வெளி யூனிட்டுக்குத் தரக்கூடாது என்று பையர் எழுத்தில் வாங்கியிருக்கிறார், தெருமுனையில் ஒரு பவர் டேபிள்காரர் (சிறு தையல் யூனிட் வைத்திருப்பவர்) அதை நாளைக்கே முடித்துத் தருகிறேன் என்கிறார். நீங்கள் யாருக்கு போன் செய்வீர்கள், என்ன சொல்வீர்கள்? ஒவ்வொருவரும் வாயால் சொல்லிப் பார்க்க வேண்டும். தாமதத்தை பையரிடம் முன்கூட்டியே ஒப்புக்கொண்டு ஒரு மின்னஞ்சல் எழுதுவது எவ்வளவு கடினம் என்று அந்த அறையில்தான் பலருக்கும் முதன்முறையாகத் தெரியவரும்.

பதில் 2: பழைய கணக்கர்

மேலே நண்பர் சொன்னதோடு எனக்கு உடன்பாடுதான், ஆனால் ஆய்வை முதலில் வைப்பேன். யூனிட்காரர் இரண்டு பதிவேடு வைப்பதற்குப் பேராசை மட்டுமே காரணமாக இருப்பதில்லை. மிகைநேரத்துக்கு இரட்டிப்புக் கூலி என்று சட்டம் சொல்கிறது. ஒரு பீஸுக்கு இவ்வளவு என்று அவருக்குக் கிடைக்கும் பீஸ் ரேட்டில் அது அடங்குவதில்லை, அந்த ரேட்டும் உரிய நாளில் கைக்கு வருவதில்லை. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள், இல்லையென்றால் 15 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வட்டி வீதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி. 2023ஆம் ஆண்டு நிதிச் சட்டம் வருமான வரியிலும் ஒரு பிடி வைத்தது: குறு, சிறு நிறுவனங்களுக்குத் தரவேண்டிய தொகையைக் கெடுவுக்குள் தராவிட்டால், அதைத் தந்து முடிக்கும் ஆண்டில்தான் செலவாகக் கழிக்க முடியும். இவ்வளவு இருந்தும், புகார் கொடுத்தால் அடுத்த ஆர்டர் வராதே என்ற பயத்தில் பலர் வாயைத் திறப்பதில்லை. நானே கணக்கு எழுதிக் கொடுத்த ஒரு யூனிட்டில் ஏழு மாத பாக்கியை வசூலிக்க முடியாமல், சம்பளத்துக்கு முதலாளி வீட்டு நகை வங்கிக்குப் போனது. நெறி தவறுவது எந்தத் தட்டில் தொடங்குகிறது என்பதை ஆய்வு காட்டட்டும்.

ஆய்வு என்றதும் பெரிதாக எண்ண வேண்டாம். பெயர் எழுதாத ஒரு துண்டுத்தாளில் ஐந்து கேள்வி போதும். ஆனால் தரவை சங்க நிர்வாகிகள் கையில் கொடுக்காதீர்கள், கல்லூரியே வைத்திருக்கட்டும். நேர்மையைப் பற்றிய ஆய்விலும் நேர்மை தவறும். படிவத்தின் அடியில் கையெழுத்து வாங்குவதை விட மேலே வாங்கினால் மக்கள் பொய் குறைவாகச் சொல்வார்கள் என்று 2012இல் அமெரிக்காவின் பெயர்பெற்ற ஆய்விதழ் ஒன்றில் கட்டுரை வந்து, உலகெங்கும் மேற்கோள் காட்டப்பட்டது. அதிலிருந்த ஒரு தரவுத் தொகுப்பே புனைந்தது என்று தெரியவந்து, 2021இல் அந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. உறுதிமொழிப் படிவம் அச்சடிப்பவர்கள் இதையும் நினைவில் வைக்கலாம்.

பதில் 3: நொய்யல் கரை

பயிற்சியால் எந்த ஊரும் திருந்தியதில்லை. நொய்யல் ஆற்றின் குறுக்கே 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் குளமாக மாறியதை இந்த ஊர் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான், கழிவை முழுக்கச் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்தும் ஏற்பாடு இங்கே நிலைபெற்றது. அபராதம் இல்லாமல் அறம் பேசுவது வீண்செலவு.

பதில் 4: செக்கிங் மேற்பார்வையாளர்

நொய்யல் கரை ஐயா, நீங்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது, ஆனால் சட்டம் இருந்தும் பயன்படுத்தத் தெரியாத இடமும் உண்டு. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்று 2013ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. குழுவில் பாதிக்குக் குறையாமல் பெண்கள் இருக்க வேண்டும், வெளியாள் ஒருவரும் வேண்டும். நான் செக்கிங் பெண்ணாகச் சேர்ந்த யூனிட்டில் அந்தக் குழுவின் பட்டியல் சுவரில் இருந்தது. அதில் என் பெயரும் இருந்தது என்பதை எட்டு மாதம் கழித்து ஒரு ஆடிட்டர் சொல்லித்தான் அறிந்துகொண்டேன்.

செயலாளர் ஐயாவுக்கு இரண்டு விஷயம். பயிற்சி தமிழில் மட்டும் நடந்தால், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்திருக்கும் பிள்ளைகள் கடைசி வரிசையில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒடியாவும் இந்தியும் பேசுகிற ஆள் வேண்டும், அந்த ஆள் லேபர் கான்ட்ராக்டராக இருக்கக்கூடாது. அடுத்து, புகார்ப் பெட்டி. பல யூனிட்டுகளில் அது அலுவலக வாசலில், கேமராவுக்கு நேர் கீழே தொங்குகிறது. கழிப்பறைக்குப் போகும் வழியில் மாட்டினால் சீட்டு விழும். இதற்குப் பயிற்சியாளர் கட்டணம் எதுவும் இல்லை.

செயலாளர்

எல்லோருக்கும் நன்றி. நாளை நிர்வாகக் குழுவில் இப்படி முன்வைக்கப் போகிறேன்: இரண்டு மாதம் ஆய்வு, துண்டுத்தாள்கள் கல்லூரியின் பொறுப்பில், அதன் பிறகு முதலாளிகளுக்கு, புதன்கிழமை மாலைக் கதையை வைத்து அரைநாள் பயிற்சி. பையர்களை அழைப்போம், ஆனால் மேடை, மாலை எதுவும் இல்லாமல், பணம் வரும் நாள்களைப் பற்றி மட்டும் பேசுவதற்கு. மேடை இல்லையென்றால் மூன்றாவது கட்சி ஒத்துக்கொள்வது கடினம்தான்.

பழைய கணக்கர் ஐயா, அந்த ஐந்து கேள்விகளில் இரண்டையாவது நீங்களே எழுதித் தர முடியுமா? பணம் எத்தனை நாளில் வருகிறது என்பதை, எந்தக் கம்பெனி என்று தெரியாதபடி எப்படிக் கேட்பது என்பதில்தான் தடுமாறுகிறேன். ஒடியா மொழிபெயர்ப்புக்கும் ஆள் தெரிந்தால் இங்கேயே சொல்லுங்கள்.